சோறு வேக நேரமாகிறது, வோல்ட் கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள்
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் லயத்து வீடு. சாயங்காலமானால் ரைஸ் குக்கரில் சோறு வேக இழுக்கிறது. அம்மா குக்கரைத் திட்டுகிறார்.

லேபிளில் 240 வோல்ட், 700 வாட். அப்படியென்றால் தடை 240 × 240 ÷ 700, சுமார் 82 ஓம். நேற்று மாலை அளந்தேன்: 210 வோல்ட், 2.55 ஆம்பியர். வகுத்தால் அதே 82 ஓம்தான்! பெருக்கினால் 535 வாட்தான் வருகிறது. சரி, குக்கர்மேல் குற்றமில்லை.

மேசைக் காற்றாடிதான் குழப்புகிறது. 0.3 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 63 வாட், லேபிளிலோ 50. மோட்டாருக்கு இந்தக் கணக்கு செல்லாதா?

அப்புறம், குக்கரை நிறுத்தினாலும் 212 வோல்ட்தான். கோளாறு வீட்டு வயரிங்கிலா, வெளி லைனிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?