இங்கிலாந்துக்கு வந்திருக்கும் நர்ஸ்களுக்கு: வார்டில் தோல் நிறத்தைப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள்

ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு முடிந்து, நர்ஸ் பதிவு எண்ணான ‘பின்’ நம்பர் கைக்கு வந்துவிட்டதா? வாழ்த்துகள். வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் எப்படியும் அமைந்துவிடும். வார்டுக்குள் உள்ள கதை வேறு.

ஊரில் நம் கவுன்சில் பதிவில் நர்ஸ், மிட்வைஃப் இரண்டும் சேர்ந்தே வரும். இங்கே பதிவு செய்யும் கவுன்சிலான என்எம்சி-யில் தனித்தனிப் பதிவு. நர்ஸாகப் பதிந்தவர் மிட்வைஃபாக வேலை பார்க்க முடியாது.

சரி, முக்கியமான விஷயம். இங்குள்ள பாடப்புத்தகப் படங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலை வைத்தே வந்தன. பிறந்ததும் குழந்தையின் நிலையை அறியப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணில், நிறத்துக்கு முழு 2 கிடைக்க உடம்பு முழுக்க பிங்க்காக இருக்க வேண்டும். 1950களின் கணக்கு அது. நம் குழந்தைகளை அதில் எப்படி அளப்பது? இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்-இல், இனவாரியான ஏற்றத்தாழ்வை ஆராயும் ரேஸ் அண்ட் ஹெல்த் அப்சர்வேட்டரியின் 2023 ஆய்வும் இதைத்தான் கேட்டது. நீங்கள் ஊரில் பார்த்தபடியே உதடு, ஈறு, நாக்கைப் பாருங்கள். காமாலை சந்தேகமா, நல்ல வெளிச்சத்தில் கண் வெள்ளையைப் பாருங்கள்; அதோடு விடாமல் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபினை அளக்கச் சொல்லுங்கள். படுக்கைப் புண் தொடங்கும்போது கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். தொட்டுப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கருத்த தோலில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். ஆள் மூச்சு வாங்குகிறார், எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் ஆளை நம்புங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் சத்தமாகச் சொல்லுங்கள். பிரசவ காலத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பினப் பெண்கள் இறக்கும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று, பிரசவகால இறப்புகளை ஆராயும் எம்ப்ரேஸ் அறிக்கைகள் ஆண்டாண்டாகச் சொல்கின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் பதவி உயர்வு. என்ஹெச்எஸ் தொடங்கிய காலத்தில் கரீபியனிலிருந்து வந்த பல பெண்களை முழு நர்ஸ் தகுதி தரும் எஸ்ஆர்என் படிப்பில் சேர்க்காமல், அதற்குக் கீழ்ப்பட்ட, மேலே போக வழியில்லாத எஸ்இஎன் படிப்பில் தள்ளினார்கள். இன்றும் நம் ஆட்கள் நர்ஸ்களின் தொடக்க நிலையான பேண்ட் 5-இலேயே தேங்கிப்போவதைப் பார்க்கிறேன். உங்கள் வேலையை மேலாளர் மதிப்பிடும் அப்ரைசலில், அடுத்த நிலையான பேண்ட் 6 வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாணவர்களின் வார்டு வேலையை மதிப்பிடும் ப்ராக்டிஸ் அசெசர் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள். மாணவர்களுக்குக் கருத்த தோலைப் பார்க்கச் சொல்லித்தர நம்மை விட்டால் யார்?

யாராவது அவமதித்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தையை அன்றே எழுதிவையுங்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகளை நடத்தும் ஒவ்வொரு என்ஹெச்எஸ் ட்ரஸ்டிலும், ஊழியர்கள் பயமின்றிப் புகார் சொல்ல ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் இருப்பார், அவரிடம் போகலாம். ஆர்சிஎன் அல்லது யூனிசன் தொழிற்சங்கத்தில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். சேர்வதற்கு முன் நடந்த பிரச்சினைக்கு அவர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள்.