புதுப்பிப்பு: அலுவலகக் கணினிகளில் அனுமதியற்ற மென்பொருள் – ஆப்லாக்கர் மூலம் தீர்ந்தது

கிருஷ்ணகிரியில் நான் கவனித்துவரும் மாம்பழக்கூழ் ஆலை அலுவலகத்தில், நிர்வாகி உரிமை இல்லாதவர்களும் பென்டிரைவிலிருந்து கண்ட நிரல்களையும் ஓட்டுகிறார்கள், எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது ஆப்லாக்கர் (எந்த நிரல்கள் ஓடலாம் என்று விதி வைக்கும் விண்டோஸ் வசதி) யோசனைதான். குரூப் பாலிசியில் (விண்டோஸ் கணினிகளுக்கான அமைப்புகளை நிர்வாகி வகுக்கும் இடம்) அதன் இயல்புநிலை விதிகளை உருவாக்கினால், சாதாரணப் பயனர் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் கோப்புறைகளில் உள்ள நிரல்களை மட்டுமே இயக்க முடியும். ‘அப்ளிகேஷன் ஐடென்டிட்டி’ சேவை ஓடாவிட்டால் எந்த விதியும் வேலை செய்யாது; அதைத் தானாகத் தொடங்கும்படி வையுங்கள்.

முதலில் தணிக்கை நிலையில் (எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) மட்டும் வையுங்கள் என்று வற்புறுத்திய நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறேன். நிகழ்வுப் பதிவில் 8003 என்ற எண்ணுடன் வருபவை, தடையை அமல்படுத்தினால் நின்றுபோகும் நிரல்கள். எங்கள் எடைமேடை மென்பொருளும் அதில் இருந்தது! மாங்காய் சீசனில், லாரிகள் வரிசையில் நிற்கும்போது அது முடங்கியிருந்தால் ஆலையே நின்றிருக்கும். அதற்கு டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் ஹாஷ் விதி (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் தனி அடையாளத்தை வைத்து அனுமதிப்பது) கொடுத்தேன். பதிப்பு மாறும்போதெல்லாம் அந்த விதியைப் புதுப்பிக்க வேண்டும்.

எதிர்பாராதவை இரண்டு. பயனரின் சொந்தக் கோப்புறையான ஆப்டேட்டாவில் நிறுவப்பட்டிருந்த காணொளிக் கூட்டச் செயலியும் பட்டியலில் வந்தது. வெளியீட்டாளர் விதி (தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தை வைத்து அனுமதிப்பது) போட்டதும் சரியானது. மற்றொன்று முக்கியம்: விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் டெம்ப், டாஸ்க்ஸ் போன்றவற்றில் சாதாரணப் பயனரும் கோப்பு எழுதலாம். இயல்புநிலை விதி அங்கிருந்தும் இயக்க விடும். அவற்றை அந்த அனுமதி விதிக்கு விதிவிலக்காகச் சேர்த்த பிறகே தடையை அமல்படுத்தினேன். இப்போது தடுக்கப்படுபவை 8004 என்று பதிவாகின்றன.