நீர்க்கடுப்புக்கான ஃபாஸ்ஃபோமைசின் பவுடர் வேலூரில் எங்கே கிடைக்கும்?

அம்மாவுக்கு 62 வயது, காட்பாடியில் இருக்கிறோம். நீர்க்கடுப்பு வந்ததும் வெயில் சூடு என்று மோர் கொடுத்தோம். அப்புறம் டாக்டரைக் கேட்காமல் நானே கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கினேன். தப்புதான், திட்டாதீர்கள். சிறுநீர் கல்ச்சர் டெஸ்டில் ஈ.கோலை கிருமி, அது இந்த மாத்திரைக்கு அடங்காதாம்.

டாக்டர் அதற்குப் பதிலாக நைட்ரோஃபுரான்டாயின் என்ற வேறு ஆன்டிபயாடிக் 100 மி.கி. காலை, இரவு எழுதினார். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனது. பயந்துவிட்டோம், மருந்தின் நிறம்தானாம். ஆனால் சாப்பாட்டோடு போட்டும் வாந்தி, இரண்டு இட்லிகூட நிற்கவில்லை.

இப்போது ஒரே வேளை தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பாக்கெட் எழுதியிருக்கிறார். காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கடை ஏறி இறங்கியாச்சு, இல்லை. சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் எங்கேயாவது ஸ்டாக் இருக்கிறதா? காய்ச்சல் இல்லை, ஆனால் ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்திருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு உடனே வருகிறேன்.