ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகிறது, அவசரம்

தண்டையார்பேட்டை_42 (செவ்வாய், இரவு 11.40)
வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக என் பைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஆஃப் ஆகிறது. செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. இன்றைக்கு எண்ணூர் ஹைரோட்டில் யூ-டர்ன் போடும்போது நடு ரோட்டில் நின்றுவிட்டது. எதிரே கன்டெய்னர் ட்ரெய்லர். அவன் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பிளக் மாற்றியாச்சு. பேட்டரி ஓகே. விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நிற்கணும், வண்டி இல்லாமல் முடியாது. என்னவாக இருக்கும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கல்மண்டபம்_காளை (இரவு 11.44)
என்ன வண்டி தலைவா?

பெட்ரோல்_வாசனை (இரவு 11.47)
எந்த வண்டியாக இருந்தாலும் இது பெட்ரோல்தான். இப்போது வருவதெல்லாம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க் அடியில் தண்ணீர் நிற்கும், அது பம்ப்புக்குப் போனதும் இன்ஜின் அடங்கும். எந்த பங்க்கில் போடுகிறீர்கள்? முதலில் பங்க்கை மாற்றுங்கள்.

நட்டு_போல்ட்டு (இரவு 11.58)
இந்த மன்றத்தில் புது இழை தொடங்குவதற்கு முன் மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர், கடைசி சர்வீஸ், வெளியில் மாற்றிய பாகங்கள். இந்த ஐந்தும் இல்லாமல் "வண்டி ஆஃப் ஆகிறது" என்பது, டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டுவது மாதிரி.

தண்டையார்பேட்டை_42 (புதன், காலை 9.15)
ஜாவா 42 தான். பெயரிலேயே போட்டிருக்கிறேனே.

கல்மண்டபம்_காளை (காலை 9.20)
நான் அதை உங்கள் வயது என்று நினைத்தேன் 😄

தண்டையார்பேட்டை_42 (காலை 9.22)
எனக்கு 26 அண்ணா. வண்டி 2021 மாடல், போன வருடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 19,000 ஓடியிருக்கு. வெளியில் ஒன்றும் மாற்றவில்லை, எல்லாம் ஸ்டாக்தான்.

உப்புக்காத்து (காலை 10.05)
செகண்ட் ஹேண்டா? அதை முதலில் சொல்லக் கூடாதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த வண்டி எங்கே நின்றது என்று விற்றவரிடம் கேட்டீர்களா? வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி பக்கம் நின்ற வண்டிகள் பாதி தண்ணீருக்குள் இருந்தவை. துடைத்து, பாலிஷ் போட்டு விற்றுவிடுவார்கள். ஒயர் கனெக்டருக்குள் இருக்கும் பச்சைக் களிம்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

வெள்ளம் பார்க்காத வண்டி என்றாலும் நமக்கு உப்புக்காற்று போதும். எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டே தெரு. இரும்பு கேட்டுக்கு வருடம் இரண்டு தடவை பெயிண்ட் அடிக்கிறோம், அப்படியும் கீல் பக்கம் பொரிந்து கொட்டுகிறது. எல்லாக் கனெக்டரையும் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

வியாசை_ரைடர் (காலை 10.31)
நானும் 42 தான் வைத்திருக்கிறேன், நாலு வருடமாக. எனக்கு இந்தப் பிரச்சினை வந்ததில்லை. சந்து பொந்தில் வளைக்க புல்லட்டை விட லேசு, அதற்காகவே எடுத்தேன். கூலன்ட் பார்த்தீர்களா? ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா? மின்ட் பக்கம் காலை டிராஃபிக்கில் ஒரு சிக்னல் நின்றாலே ஃபேன் சத்தம் கேட்கணும்.

ரோட்கிங்_பெரியவர் (காலை 11.10)
ரேடியேட்டரா? மோட்டார் சைக்கிளுக்கா? கலிகாலம்.

என்னிடம் இருப்பது மைசூர் யெஸ்டி ரோட்கிங், 250. இரண்டு ஸ்ட்ரோக், காற்றே கூலன்ட். பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கினால் போதும். பேட்டரி பலம் குறைந்தாலும் கிக்கர் இருக்கிறது. அந்தக் கிக்கரும் தனியாகக் கிடையாது, கியர் லீவரையே உள்ளே தள்ளித் திருப்பினால் அதுதான் கிக்கர். ஒரே இரும்பு, இரண்டு வேலை. கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச்சும் விடும். இப்போது வருகிற இதற்குக் கிக்கரே இல்லை. நடு ரோட்டில் நின்றால் செல்ஃப் பட்டனைப் பார்த்துக் கும்பிட வேண்டியதுதான். பெட்ரோல் டேங்க்கில் பெயரை எழுதிவிட்டால் ஜாவா ஆகிவிடுமா?

வியாசை_ரைடர் (காலை 11.24)
ஐயா, உங்கள் வண்டியிலும் ஜாவா என்று எழுதவில்லையே, யெஸ்டி என்றுதானே எழுதியிருக்கிறது. பெயரை வைத்துப் பார்த்தால் மைசூரில் செய்ததும் இரவல்தான். ஜாவா என்பதே யானெச்சேக் என்ற செக் நாட்டுக்காரர் 1929-இல் வாண்டரர் என்ற கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கி, இரண்டு பெயரின் தலையையும் ஒட்டி வைத்தது. யெஸ்டி செய்த மைசூர் கம்பெனி ஐடியல் ஜாவா 1996-இல் மூடிவிட்டது. 2018 நவம்பரில் திரும்ப வந்திருக்காவிட்டால் எங்கள் வயசுப் பையன்களுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. ஒற்றை சிலிண்டருக்கு இரட்டை சைலன்சர், அதையாவது விடாமல் வைத்திருக்கிறார்களே.

ரோட்கிங்_பெரியவர் (காலை 11.40)
சைலன்சர் இரண்டு இருந்தால் போதுமா தம்பி? அதிலிருந்து வரும் சத்தம் எங்கே? நான் பெரம்பூர் லோகோ பக்கம் திரும்பும்போதே வீட்டில் காபி போட ஆரம்பித்துவிடுவாள்.

தேரடி_புல்லட் (மதியம் 12.02)
செத்துப் பிழைத்த பிராண்டுகள் பேசிக்கொள்ளட்டும். திருவொற்றியூரில் 1955-இல் வேர் பிடித்தது எங்கள் ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தில் 1970-இல் கடையைக் கட்டிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தாத்தா அந்த ஃபேக்டரி சங்கு கேட்டுத்தான் கடிகாரம் திருத்துவார்.

ரோட்கிங்_பெரியவர் (மதியம் 12.15)
தாத்தா கடிகாரம் திருத்தினார், சரி. ஆயில் ஒழுகினதை யார் துடைத்தது?

தேரடி_புல்லட் (மதியம் 12.17)
ஒழுகினால்தான் ஐயா உள்ளே ஆயில் இருக்கிறது என்று தெரியும்.

ஒயர்மேன்_மூலக்கடை (மதியம் 1.30)
சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். மேலே நடப்பது நடக்கட்டும். தம்பி, மூன்று கேள்வி.
ஆஃப் ஆகும்போது மீட்டர் விளக்கும் சேர்ந்து போகிறதா, இன்ஜின் மட்டும் அடங்குகிறதா?
அடங்குவதற்கு முன் திணறுகிறதா, சுவிட்ச் போட்ட மாதிரி நிற்கிறதா?
இதுவரை எங்கெங்கே நின்றது? இடத்தைச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_42 (மாலை 6.50)
மீட்டரைக் கவனிக்கலை அண்ணா. திணறல் இல்லை, சுவிட்ச் போட்ட மாதிரிதான். நின்ற இடம்: எண்ணூர் ஹைரோடு யூ-டர்ன், இரண்டு தடவை. டி.எச். ரோட்டிலிருந்து வலது பக்கம் எங்கள் சந்துக்குள் வளையும்போது கிட்டத்தட்ட தினமும். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசலில் வண்டியைத் திருப்பி எடுக்கும்போது ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் வரை 80-இல் போனேன், ஒன்றுமே ஆகலை. அதனால்தான் குழப்பமாக இருக்கிறது.

பெட்ரோல்_வாசனை (மாலை 6.58)
வேகமாகப் போனால் தண்ணீர் கலங்கிப் பெட்ரோலோடு போய்விடும். மெதுவாகப் போனால் அடியில் தங்கும். நான் சொன்னதேதான்.

ஒயர்மேன்_மூலக்கடை (மாலை 7.20)
தண்ணீராக இருந்தால் திணறித் திணறி நிற்கும், உடனே ஸ்டார்ட் ஆகாது சார். சூடாக இருந்தால் செங்குன்றம் போய் வந்ததும் காட்டிக்கொடுத்திருக்கும்.

தம்பி, நீங்கள் எழுதிய இடங்களை மறுபடி படியுங்கள். நம்ம ஊரில் யூ-டர்ன் வலது பக்கம். உங்கள் சந்தும் வலது பக்கம் வளைவது. கடை வாசலில் வண்டியைத் திருப்பும்போது ஹேண்டில்பாரை முழுசாக ஒடிப்போம். நேர் ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினை விடுங்கள், ஹேண்டில்பாரைப் பாருங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து விடுங்கள். ஹேண்டில்பாரை மெதுவாக இடது பக்கம் முழுக்க, அப்புறம் வலது பக்கம் முழுக்க வளையுங்கள். கண் மீட்டரிலேயே இருக்கட்டும். இன்னொன்று, வளைக்கும்போது ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறதா என்று காதைக் கொடுங்கள். ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அது இதை விட ஆபத்து.

உப்புக்காத்து (மாலை 7.31)
சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சாக இருக்கலாமே? உப்பு ஏறினால் அதுவும் ஆடும்.

ஒயர்மேன்_மூலக்கடை (மாலை 7.36)
இருக்கலாம். ஆனால் அது இன்ஜினை மட்டும் அடக்கும், மீட்டர் எரியும். அதற்குத்தான் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன்.

தண்டையார்பேட்டை_42 (இரவு 9.05)
அண்ணா!! வலது பக்கம் கடைசி வரைக்கும் வளைத்தால் டப்பென்று ஆஃப். மீட்டர், ஹெட்லைட் எல்லாம் போகுது. ஒரு விரற்கடை திருப்பினால் மீட்டர் திரும்ப எரியுது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. ஐடில் ஏறலை. அஞ்சு தடவை செய்தேன், அஞ்சு தடவையும் அதேதான். எங்கம்மா வெளியே வந்து வண்டிக்கு ஏதோ பிடிச்சிருக்குன்னு எலுமிச்சம்பழம் எடுக்கப் போயிட்டாங்க.

ஒயர்மேன்_மூலக்கடை (இரவு 9.12)
பழம் வீணாக வேண்டாம், ஜூஸ் போடச் சொல்லுங்கள். சாவிக்குப் போகும் மெயின் ஒயர் உள்ளே அறுந்து, தொட்டும் தொடாமலும் இருக்கிறது. எங்கேயாவது பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், திரும்ப எரியாது.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். ஹேண்டில்பார் பக்கம் யாராவது கை வைத்தார்களா?

தண்டையார்பேட்டை_42 (இரவு 9.20)
இல்லண்ணா, ஸ்டாக்தான்.

தண்டையார்பேட்டை_42 (இரவு 9.26)
ஃபாக் லைட் இரண்டு போட்டேன். ஒரு மொபைல் சார்ஜர். அது லைட்டுதானே, இன்ஜினுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தண்டையார்பேட்டை_42 (இரவு 9.29)
ஹேண்டில்பாரும் கொஞ்சம் உயரமானது மாற்றினேன். முதுகு வலிக்குன்னு.

நட்டு_போல்ட்டு (இரவு 9.34)
"வெளியில் மாற்றிய பாகங்கள்." செவ்வாய் இரவு 11.58. யாரும் படிக்க வேண்டாம்.

கல்மண்டபம்_காளை (இரவு 9.36)
சாரே, இந்த ஒரு தடவை நீங்கள் சொன்னது சரி.

ஒயர்மேன்_மூலக்கடை (இரவு 9.50)
ஹேண்டில்பார் உயர்ந்தது, ஒயர் அதே நீளம். வலது பக்கம் ஒடிக்கும்போது ஒயர்க்கட்டு வீணைத் தந்தி மாதிரி இழுபடும். அதில் ஃபாக் லைட்டுக்காக சாவி ஒயரைச் சுரண்டி, முறுக்கி, மேலே டேப் சுற்றியிருப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து ஜிப் டை போட்டு கழுத்துப் பக்கம் இறுக்கியிருப்பார்கள். எந்தக் கடை என்று எனக்கு வேண்டாம், இங்கே எழுதவும் வேண்டாம். இந்த மாதிரி வேலை எல்லாப் பக்கமும் நடக்கிறது.

நாளைக்கு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஹெட்லைட்டை இறக்குங்கள். ஜிப் டைகளை வெட்டுங்கள், ஒயரை வெட்டிவிடாதீர்கள். சுரண்டின இடம் கண்ணுக்குத் தெரியும். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, அதே கனத்தில் கொஞ்சம் நீளமான ஒயர் வைத்து சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடிக்கும் உறை) போடுங்கள். ஃபாக் லைட்டுக்கு பேட்டரியிலிருந்து தனி லைன், தனி ஃபியூஸ், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). அது வரைக்கும் ஃபாக் லைட்டைக் கழற்றியே வையுங்கள். முன் பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வியாசை_ரைடர் (இரவு 10.02)
ஆக, தப்பு வண்டி மேல் இல்லை. பெரியவர் படித்தாரா?

ரோட்கிங்_பெரியவர் (இரவு 10.20)
படித்தேன். என் வண்டியில் மொத்த ஒயரே ஒரு முழம். இழுபட அதில் என்ன இருக்கிறது?

தேரடி_புல்லட் (இரவு 10.22)
ஹெட்லைட் வெளிச்சமும் அந்த அளவுக்குத்தான் இருக்கும் ஐயா.

தண்டையார்பேட்டை_42 (சனி, காலை 7.48)
சரியாச்சு. ஜிப் டை வெட்டினதும் செப்புக் கம்பி பல்லைக் காட்டியது, நாலைந்து இழைதான் மிச்சம். டேப் சுத்தியாச்சு. ஏலத்துக்குப் போய் வந்துவிட்டேன், யூ-டர்ன் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒயர்மேன் அண்ணாவுக்கு நன்றி 🙏

ஒயர்மேன்_மூலக்கடை (சனி, காலை 8.30)
மகிழ்ச்சி. ஆனால் டேப் மட்டுமா? சால்டர் செய்யவில்லையா? நாலு இழையில் மொத்த வண்டியும் தொங்குகிறது தம்பி. ரிலே போட்டீர்களா?

உப்புக்காத்து (சனி, காலை 9.14)
டேப்புக்குள் உப்பு இறங்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயர்மேன்_மூலக்கடை (மூன்று வாரம் கழித்து, இரவு 8.05)
தம்பி, மழை பிடித்துக்கொண்டது. அந்த ஒயரை மாற்றினீர்களா?

பெட்ரோல்_வாசனை (இரவு 8.11)
பங்க்கை மாற்றினாரா என்றும் கேளுங்கள்.