நம்பியவர் தவறு செய்தால் நம்பிக்கை பொய்யாகுமா?

மெய்நாடி எழுதியது:
‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறித்தவப் பாடலைப் பின்னாளில் எழுதிய ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் 1748ஆம் ஆண்டு கடும்புயலில் சிக்கி, மூழ்கவிருந்த கப்பலில் இறைவனை வேண்டி உயிர் பிழைத்தார். மனம் திரும்பியதற்கு அந்த நாளையே தொடக்கமாகக் கடைசிவரை கொண்டாடினார். அடிமைக் கப்பலுக்கு அவர் தலைவரானது அதற்குப் பிறகுதான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்திய அதே கப்பலின் அடித்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். இவருக்கு நம்பிக்கை இருந்தது என்று எப்படிச் சொல்வது? நடத்தைக்கு வராததை நான் நம்பிக்கையாக ஏற்கமாட்டேன்.

செந்தாழை எழுதியது:
மெய்நாடி ஐயா, அவர் வேடமிட்டிருந்தால் உங்கள் தீர்ப்பு எளிது. ஆனால் இறைவனோடு தாம் மிக இனிமையாக ஒன்றியிருந்த நேரங்கள் அந்தக் கடைசிப் பயணங்களில்தான் வாய்த்தன என்று நியூட்டனே பின்னாளில் எழுதியிருக்கிறார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. என்னை அச்சுறுத்துவது இதுதான். ‘அவர் உண்மையில் நம்பவில்லை’ என்று சொல்லிவிட்டால், நம்முடைய நம்பிக்கையைச் சோதிக்கும் வேலையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

1973இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் பயின்ற மாணவர்கள் உரையாற்றுவதற்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய விவிலியக் கதை. வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமியபடி சரிந்து கிடந்தார். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடு; அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காடு. கொடுத்த தலைப்பு சொல்லத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அவரைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் நம்பிக்கையற்றவர்கள் என்பீர்களா?

கதிரொளி எழுதியது:
அம்மா, அவசரத்தில் கடந்து போவது சில நிமிடத் தவறு. அடிமை வணிகம் ஆண்டுக்கணக்கில் கணக்கெழுதி நடத்திய தொழில். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மேலும், உள்ளம் நேர்மையாக இருந்தது என்பது என்றைக்குமே போதிய விடையாகாது. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1877இல் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். பழுதான கப்பலின் உரிமையாளர் மனத்தில் எழுந்த ஐயங்களை அடக்கி, கப்பல் நன்றாகவே இருக்கிறது என்று நேர்மையாக நம்பிப் பயணிகளை அனுப்புகிறார், கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளிதான், ஏனெனில் கையில் இருந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு அப்படி நம்ப அவருக்கு உரிமையில்லை. நியூட்டனுக்கும் இதே தீர்ப்புதான்.

செந்தாழை எழுதியது:
கிளிஃபர்டின் உரிமையாளருக்கு ஐயம் எழுந்தது, அதை அவர் அடக்கினார். அந்தத் தொழிலில் இருந்த காலத்தில் அது முறையானதா என்ற உறுத்தல் தமக்குச் சிறிதும் எழவில்லை என்று 1788இல் வெளியிட்ட சிறுநூலில் நியூட்டன் எழுதினார். எழாத ஐயத்தை எப்படி அடக்குவது? தாம் செய்ததை வெட்கத்தோடு ஊரறியச் சொல்லி, அந்த வணிகத்துக்கு எதிராக நாடாளுமன்றம்வரை பேச வைத்ததும் அதே நம்பிக்கைதான். அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மெய்நாடி எழுதியது:
கணக்கில் கொள்கிறேன். கடலை விட்ட 34 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நூல் வந்தது என்பதையும் சேர்த்தே. 1754இல் அவர் தொழிலை விட்டது மனச்சான்று உறுத்தியதால் இல்லை. நான்காம் பயணத்துக்கு ஆயத்தமாக இருந்தபோது நோயில் விழுந்ததால்தான்.

கதிரொளி எழுதியது:
ஐயம் எழவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. எழாமல் போனது எப்படி என்று கேட்கிறேன். அவருடைய கப்பல் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. ஓர் அடிமை இறந்தால் அதில் பெயர் இராது. ‘ஆண் அடிமை, எண் 84’ என்பதுபோல் எழுதி, உடல் கடலில் இடப்பட்டதைக் குறித்திருப்பார். காற்றின் திசையும் அதே பக்கங்களில் இருக்கும். ஒவ்வொரு சாவையும் தம் கையாலேயே எழுதியவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.