கற்பூரவள்ளிப் பழத்துக்குள் கறுப்பு விதை: தூரோடு தோண்டிப் போடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கொல்லைப்புறம் (முசிறி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற தண்ணீர் பாயும் இடத்தில், கற்பூரவள்ளி வாழை வைத்திருக்கிறோம். தாய் மரம் போன தடவை போட்ட குலையில் ஒரு குறையும் இல்லை. அதை வெட்டிய பிறகு பக்கக்கன்று ஒன்றை விட்டோம். அது ஐப்பசியில் பூ தள்ளியது, போன வாரம் குலையை இறக்கினோம்.

பழுத்ததும் சின்ன மகள் ஒன்றைக் கடித்தாள். 'கடக்' என்று சத்தம். எடுத்துப் பார்த்தால் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கோணல்மாணலாக, கறுப்பாக ஒரு கொட்டை. நகத்தால் கீறக்கூட முடியவில்லை. அப்புறம் எல்லாப் பழத்தையும் பிளந்துதான் சாப்பிட்டோம். மேல் சீப்புகளில் பல பழங்களில் ஒன்று இரண்டு இருந்தது, ஒரு பழத்தில் ஐந்தாறுகூட இருந்தது. கீழ்ச் சீப்புகளில் ஒன்றுமே இல்லை.

மாமியார் "மரத்துக்குக் கோளாறு வந்துவிட்டது, தூரோடு தோண்டிப் போடு" என்கிறார். எதிர் வீட்டில் உரத்தால் வந்தது என்கிறார்கள். நான் தொழு உரமும் சாம்பலும் தவிர வேறு எதுவும் போடுவதில்லை. இப்போது அதே தூரில் இரண்டு கன்றுகள் நன்றாக வருகின்றன. அவற்றை விடலாமா? பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? அந்த விதையை நட்டால் முளைக்குமா?

தொட்டியம் விவசாயி:

தோண்டிப் போடாதீர்கள் அம்மா. முதலில் அது விதைதானா என்று பாருங்கள். ரஸ்தாளியில் சதைக்குள் கல் விழும். அது விதை இல்லை, சதையே இறுகிப்போன கட்டி. நீங்கள் சொன்ன கொட்டையைச் சுத்தியலால் தட்டுங்கள். கறுப்பு ஓடு உடைந்து உள்ளே வெள்ளையாக மாவு இருந்தால் விதையேதான்.

பூவனில் எங்கள் பக்கம் விதை விழுவது உண்டு. கடைசிச் சீப்பு விரிந்த பிறகு 2,4-டி மருந்தை லிட்டருக்கு 25 மில்லிகிராம் கலந்து குலை மேல் தெளிப்போம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைதான். விதையும் குறையும், காயும் திரட்சியாக வரும். கற்பூரவள்ளிக்கு நான் அடித்ததில்லை.

பழைய தாவரவியல் டீச்சர்:

கொல்லைப்புறம் அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மனமில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்தில் முதல் வகுப்புக்கு வாழையைத்தான் எடுத்துப் போவேன். கத்தி ஒன்று போதும், ஒரு செடியின் உடம்பும் பிழைப்பும் முழுவதும் அதில் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கோளாறு என்ற பேச்சு. வெளியே மரம் மாதிரி நிற்பது தண்டு இல்லை. இலைகளின் அடிமட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதன் வளரும் நுனி தரைமட்டத்திலேயே பல மாதங்கள் உட்கார்ந்து இலை இலையாக விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூங்கொத்தாக மாறும். அந்தப் பூவைத் தூக்கிக்கொண்டு மட்டைகளின் நடுவே மேலே ஏறும் காம்பைத்தான் நாம் வாழைத்தண்டு என்று பொரியல் செய்கிறோம். நுனி பூவாக மாறிவிட்டதால் அந்தத் தண்டுக்கு இனி வளர்ச்சி கிடையாது. குலை பழுத்ததும் அது பட்டுப்போகும். ஆனால் கிழங்கின் பக்கவாட்டில் உள்ள மொட்டுகள் கன்றுகளாக எழுந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன தடவை குலை போட்டதும் இந்தத் தடவை குலை போட்டதும் உடம்பளவில் ஒரே செடி. பக்கக்கன்று புதிய பிறவி அல்ல, தாயின் தொடர்ச்சி. ஆகவே தாயிடம் இல்லாதது மகளிடம் வந்திருக்கிறது என்றால், காரணத்தைச் செடிக்கு வெளியே தேட வேண்டும்.

இப்போது பூவுக்கு வாருங்கள். பூ தள்ளியதும் முதலில் விரியும் மடல்களுக்கு அடியில் இருப்பவை பெண் பூக்கள். ஒவ்வொரு மடலுக்கும் ஒரு சீப்பு. பின்னால் காயாகப் போகும் சூலகம் பெரிதாக இருக்கும். மகரந்தத் தாள்கள் பெயருக்குத்தான் இருக்கும், மகரந்தம் இருக்காது. பெண் சீப்புகள் முடிந்த பிறகு, கீழே தொங்கும் பூவில் விரிபவை ஆண் பூக்கள். நாம் சமையலுக்கு ஆய்வது அவற்றைத்தான். கள்ளன் என்று பிடுங்கிப் போடுகிறோமே, தலை தடித்த அந்தக் குச்சி, அதுதான் சூல்தண்டும் சூல்முடியும். ஆண் பூவில் அதற்கு வேலை இல்லை. பெண் பூவிலோ மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய இடமே அதுதான்.

ஒரு குலையின் பெண் பூக்கள் ஓய்ந்த பிறகே அதே குலையின் ஆண் பூக்கள் விரிகின்றன. ஆகவே உங்கள் குலையின் விதைக்கு உங்கள் குலையே தகப்பனாக இருக்க முடியாது. மகரந்தம் இன்னொரு வாழையிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"மகரந்தமே இல்லாமல்தானே எங்கள் வாழை காய்க்கிறது?" என்று கேட்பீர்கள். சரிதான். காட்டு வாழையில் மகரந்தம் சேராவிட்டால் காய் சூம்பிப்போய் அப்படியே நிற்கும். நாம் வளர்க்கும் வாழைகளில் சூல், அதாவது விதையாக மாற வேண்டிய கரு, கருவுறாமலே சதை திரண்டுவிடும். இது ஒரு குணம். விதை பிடிக்காத மலட்டுத்தன்மை வேறொரு குணம். பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், உங்கள் பழத்தின் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மரபுக் குணங்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். வாழையில் ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம்கள். காட்டு வாழைக்கு இரண்டு தொகுதி, மொத்தம் 22. கற்பூரவள்ளி, பூவன், ரஸ்தாளி, செவ்வாழை எல்லாவற்றுக்கும் மூன்று தொகுதி, மொத்தம் 33. கருமுட்டையோ மகரந்தமோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றாக இருந்தால் பங்கீடு தாறுமாறாகிவிடும், பெரும்பாலானவை பயனற்றுப் போகும். பெரும்பாலானவை என்றுதான் சொல்கிறேன், எல்லாமே அல்ல. கற்பூரவள்ளியில் சில சூல்கள் நல்லபடியாகத் தேறிவிடும். பக்கத்தில் வீரியமுள்ள மகரந்தம் கிடைத்தால் விதை பிடிக்கும், கிடைக்காவிட்டால் எத்தனை வருடம் ஆனாலும் விதையில்லாமலே காய்க்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டுங்கள், மூன்று அறைகள் தெரியும். நடு அச்சை ஒட்டிப் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் விதையாகாமல் நின்றுபோன ஒரு சூல். அக்குமினாட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களிலிருந்து நம் வாழைகள் வந்தன. முதலாவதில் இந்தச் சூல்கள் ஓர் அறைக்கு இரண்டு ஒழுங்கான வரிசை, இரண்டாவதில் நான்கு ஒழுங்கற்ற வரிசை. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் இதுபோன்ற 15 குணங்களுக்கு மதிப்பெண் போட்டு ரகங்களைப் பிரித்தார்கள். கற்பூரவள்ளிக்கு அக்குமினாட்டா பங்கு ஒன்று, பால்பிசியானா பங்கு இரண்டு. அந்தப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து ஏபிபி என்று எழுதுவார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. அக்கம்பக்கத்தில் புதிதாக, விதையுள்ள வாழை ஏதாவது ஐப்பசியில் பூத்திருந்ததா? சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொங்கும் வாழைப்பூவுக்கு இரவில் பழந்தின்னி வௌவால் தேன் குடிக்க வரும், பகலில் தேன்சிட்டும் தேனீயும் வரும். மேல் சீப்பில் மட்டும் விதை என்கிறீர்கள். மேல் சீப்புதான் முதலில் விரியும், கீழே உள்ளவை சில நாள் கழித்து விரியும். அந்தச் சில நாளுக்குள் மகரந்தம் வருவது நின்றுபோயிருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

தொட்டியம் ஐயா சொன்ன 2,4-டி வயலுக்குச் சரி. அந்த அளவில் அது பயிர் ஊக்கியாக வேலை செய்கிறது. ஆனால் அடிப்படையில் அது களைக்கொல்லி. தக்காளி, கத்தரி நிற்கும் கொல்லையில் காற்றில் பரவினால் இலை சுருண்டுவிடும். வீட்டுக்கு வேண்டாம்.

கொல்லைப்புறம் (முசிறி):

டீச்சர், படித்துவிட்டு நேராகப் பின் தெருவுக்குப் போய் வந்தேன். நீங்கள் கேட்டது அப்படியே இருக்கிறது!

அங்கே ஒரு வீட்டில் அண்ணன் ராணுவத்தில் அசாமில் இருந்தவர். ஊர் திரும்பும்போது ஒரு வாழைக்கன்று கொண்டுவந்து வைத்தாராம், மொத்தமான பெரிய ஜாதி. போன வருடம்தான் முதல் தடவை பூத்தது. ஐப்பசியில் அவர்கள் வீட்டில் கல்யாணம். வாசலில் கட்ட அந்த மரத்தையே பிஞ்சும் பூவுமாக வெட்டிவிட்டார்கள். எங்கள் வாழை அப்போதுதான் பாதிச் சீப்பு விரிந்து நின்றது, கல்யாணத்துக்குப் போகும்போது பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அவர்கள் தூரில் மூன்று கன்று நிற்கிறது.

கொட்டையையும் உடைத்துப் பார்த்தேன். தொட்டியம் அண்ணன் சொன்னபடி உள்ளே வெள்ளை மாவு.

கௌஹாத்தித் தமிழன்:

அது பீம்கோல் என்ற விதை வாழையாகத்தான் இருக்கும். இங்கே அசாமில் வீட்டுக்கு வீடு உண்டு. பழம் நிறைய விதை, ஆனால் சதை நல்ல வாசனை. விதையை வடிகட்டிவிட்டுக் கூழாக்கிக் கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி என் மகனுக்கும் அப்படித்தான் ஊட்டினார். பூ, தண்டு எல்லாம் சமைப்பார்கள். விஷம் கிஷம் என்று பயம் வேண்டாம் அக்கா.

பழைய தாவரவியல் டீச்சர்:

கல்யாணப் பந்தலுக்கு மரத்தை வெட்டியதும் மகரந்தம் நின்றது, கீழ்ச் சீப்புகள் விதையில்லாமல் திரண்டன. இப்படி ஒரு சோதனையைத் திட்டமிட்டு நடத்தியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக அமைந்திருக்காது. பீம்கோல் பால்பிசியானா வம்சம், கற்பூரவள்ளிக்குச் சொந்தம் என்றே சொல்லலாம்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பழத்தைத் தாராளமாகக் கொடுங்கள், பல் மட்டும் பத்திரம். தூரைத் தொடாதீர்கள். இரண்டு கன்றில் எது ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு, அடி பருத்து நிற்கிறதோ அதை விடுங்கள். சின்ன வயதிலேயே அகன்ற இலை விரித்து நிற்பது நீர்க்கன்று. தாய்க்கிழங்கோடு அதன் பிடிப்பு குறைவு, குலையும் சிறுத்துப் போகும்.

அடுத்த குலைக்கு விதை வேண்டாம் என்றால் பின் தெருவில் பேசி வையுங்கள். அவர்கள் வாழையில் பெண் சீப்பு முடிந்ததும் பூவை ஒடித்துவிட்டால் போதும், ஆண் பூவே விரியாது. பூ சமையலுக்கும் ஆயிற்று, அவர்கள் குலைக்கும் நல்லது. அது முடியாவிட்டால் உங்கள் குலை பூ தள்ளி முதல் மடல் தூக்குவதற்கு முன்பே மெல்லிய கொசுவலைத் துணியால் பையாகத் தைத்துக் கட்டுங்கள். கடைசிப் பெண் சீப்பு விரிந்து ஓரிரு நாள் கழித்து அவிழ்த்துவிடலாம். உங்கள் பூவை நீங்கள் ஒடிப்பதால் மட்டும் விதை நிற்காது, காரணம் மேலே சொன்னதுதான்.

விதையை நடுவதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அதிலிருந்து வருவது கற்பூரவள்ளியாக இருக்காது. தாயின் முட்டையில் எத்தனை குரோமோசோம் போயிற்று என்பதைப் பொறுத்து இரண்டு தொகுதியாகவோ, மூன்றாகவோ, நான்காகவோ பிறக்கலாம். புதிய ரகம் உருவாக்குபவர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 வாழையும் இப்படிக் கலப்பில் பிறந்ததே. லேடன் என்ற வாழை ரகத்தைக் காட்டு பால்பிசியானாவோடு சேர்த்து, அந்தப் பிள்ளையைக் கதலியோடு சேர்த்தார்கள். விதையே பிடிக்காத பயிரில் அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று எண்ணிப் பாருங்கள். கன்று வைத்தே பெருக்குவதால் ஊர் முழுக்க ஒரே உடம்பு நிற்கிறது. ஒன்றுக்கு வாடல் நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் வாழை அப்படித்தான் பனாமா வாடலில் விழுந்தது, அதன் இடத்துக்கு 1960களில் கேவண்டிஷ் வந்தது. அதனால் ஒரு நல்ல விதையைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

செய்முறை இதுதான். விதையைச் சதை போகக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பது பொக்கு, தூக்கிப் போடுங்கள். மூழ்குவதைக் காயவிடாமல் உடனே மணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில் புதையுங்கள். நிழலிலேயே வைக்க வேண்டாம். பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறிக் கிடைத்தால்தான் வாழை விதை விழிக்கும். மண் ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. முளைக்க வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம், பல விதைகள் முளைக்காமலே போகும்.

கொல்லைப்புறம் (முசிறி):

மூழ்கியவை ஒரு கைப்பிடி தேறின டீச்சர். மகள் தொட்டியில் தேதி எழுதி ஒட்டிவிட்டாள். மாமியாரிடம் கல்யாணக் கதையைச் சொன்னேன், தூர் தப்பித்தது. முளை வந்தால் இங்கேயே படம் போடுகிறேன்.

தொட்டியம் விவசாயி:

தொட்டியைச் சுற்றிச் சாம்பல் தூவி வையுங்கள் அம்மா, எறும்பு தொல்லை கொடுக்கும். டீச்சர், என் பூவன் வயலுக்குப் பக்கத்திலும் யாராவது விதை வாழை வைத்திருக்கிறார்களா என்று நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றப் போகிறேன்.