‘ரிமோட் வியூவிங்’: தொலைப்பார்வையா, வெளியணுகலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கண்காணிப்பு கேமராக்களின் பதிவுப்பெட்டியை வெளியில் இருக்கும்போது கைப்பேசியில் பார்க்கும் வசதிக்கு, அதாவது பயனர் கையேடுகளில் ‘ரிமோட் வியூவிங்’ என்று வருவதற்கு, ‘தொலைப்பார்வை’ என்ற சொல்லை நம் சொல்லாக்க மடற்குழுவில் ஐயா அவர்கள் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார்கள். சொல் சொல்வதற்கு இனிமையாகவும் பார்த்தவுடன் புரிவதாகவும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது இவ்வசதியின் இயல்பைத் தவறாகக் காட்டுகிறது என்று கருதுவதால், முடிவெடுக்கும் முன் என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு இடையூறு. ‘தொலை’ என்ற முன்னொட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே இடநெருக்கடி. தொலைபேசி, தொலைநகல், தொலைநோக்கி, தொலையுணர்வு என்று வரிசை நீள்கிறது. ‘தொலைவிலிருந்து காண்பது’ என்பதை நேராகச் சொல்லும் ‘தொலைக்காட்சி’யோ வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு எப்போதோ பெயராகிவிட்டது. பதிவுப்பெட்டியின் படத்தைப் பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொலைக்காட்சியில்தான் இணைத்துப் பார்க்கிறார்கள். ‘பெட்டியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தபின் தொலைப்பார்வையை இயக்குக’ என்று கையேட்டில் எழுதினால், படிப்பவர் இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்வார். ‘பார்த்துத் தொலை’ என்று நம் வீடுகளில் சொல்வதை நினைத்துச் சிரிப்பவர்களும் இருப்பார்கள். அதை நான் ஒரு வாதமாக முன்வைக்கவில்லை.

என் முதன்மையான மறுப்பு வேறு. சென்ற ஆண்டு எங்கள் ஊர் வீட்டில் நான்கு கேமராக்கள் பொருத்தியபோது, வேலை செய்த இளைஞர் என் கைப்பேசியில் செயலியை நிறுவி, வீட்டு வைஃபையில் இணைத்து, நான்கு கட்டங்களிலும் படம் ஓடுவதைக் காட்டினார். பிறகு, “அண்ணே, வைஃபைய ஆஃப் பண்ணிட்டு வாசலுக்கு வாங்க” என்றார். திண்ணையில் நின்று செல்பேசி இணையத்துக்கு மாறியதும் நான்கு கட்டங்களும் கறுத்து, சுழலும் வட்டம் மட்டும் நின்றது. கேமராவிலிருந்து நான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கேமராவுக்கு நான் தெரிந்தேன், எனக்குக் கேமரா தெரியவில்லை. மாறாக, அடுத்த தெருவில் இருக்கும் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கம்பி வலையமைப்பை இழுத்துவிட்டால், அவ்வளவு தூரத்திலிருந்தும் எந்தக் கூடுதல் அமைப்பும் இல்லாமல் படம் வரும். ஆகவே இங்கே தொலைவுக்கு வேலையே இல்லை. உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பது ஒன்றே கேள்வி.

அந்த எல்லை, வீட்டை இணையத்துடன் இணைக்கும் திசைவியில் (ரவுட்டரில்) இருக்கிறது. பதிவுப்பெட்டிக்கு 192.168.1.108 என்பது போன்ற ஓர் உள்முகவரி தரப்படுகிறது. இம்முகவரி அந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லும். இதே முகவரி இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது திசைவியின் முகவரி மட்டுமே. வெளியிலிருந்து வரும் அழைப்பைத் திசைவி வாங்கிப் பதிவுப்பெட்டியிடம் சேர்த்தாக வேண்டும். அல்லது பெட்டியே உள்ளிருந்து புறப்பட்டு, தயாரிப்பாளரின் வழங்கியுடன் (சர்வருடன்) தொடர்பு ஏற்படுத்திக் காத்திருக்க வேண்டும். கியூஆர் குறியீட்டை வருடியதும் படம் வந்துவிடும் முறை இரண்டாவது வகை. இன்று பல இணையச் சேவையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். இதற்கெனவே 2012-இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் திசைவியின் வெளிப்பக்க முகவரி இந்த வரம்புக்குள் இருந்தால், திசைவியில் என்ன வழி திறந்துவைத்தாலும் அழைப்பு உங்கள் வாசல்வரை வந்து சேராது. கியூஆர் வழிதான் எளிது. எங்கள் வீட்டில் அன்று நடந்ததும் இதுவே. இத்தனையிலும் ‘தொலை’ என்ற கருத்துக்கு ஓரிடமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

எனவே ‘வெளி’ என்பதை முதலாகக் கொண்ட சொல்லைத் தேடினேன். ‘வெளிப்பார்வை’ என்றால், ‘வெளிப்பார்வைக்கு நல்லவர்’ என்ற வழக்கு குறுக்கே வருகிறது. மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்பவற்றின் வரிசையில் ‘வெளியிணைப்பு’ நன்றாகப் பொருந்தும் என்று மகிழ்ந்தேன். ஆனால் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடியில் ‘வெளி இணைப்புகள்’ என்பது வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. நண்பர் ஒருவர் தனிமடலில் தந்த ‘சேணோக்கு’ இலக்கணத்தில் குறையற்றது. எனினும் ‘சேண்’ என்றால் என்னவென்று விளக்கிய பிறகே கையேட்டைத் தொடங்க முடியும், அதுவும் தொலைவையே குறிக்கிறது. ‘மனைகாண்’ என்ற இன்னொரு பரிந்துரை வீட்டுமனை விளம்பரத்தை நினைவூட்டுகிறது.

என் பரிந்துரை ‘வெளியணுகல்’ என்பதாகும். ‘அணுகல்’ கணிமைத் தமிழில் நிலைபெற்ற சொல். வெளியை அணுகுவது என்று தலைகீழாகப் பொருள்படாதா என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநோயாளி என்றால் வெளியிலிருந்து வந்து மருத்துவரைப் பார்த்துப் போகிறவர் என்றுதானே கொள்கிறோம்? அதே முறையில் இதுவும் புரிந்துவிடும் என்று நம்புகிறேன்.

இச்சொல்லுக்கு ஒரு கூடுதல் பயனும் உண்டு. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் (கருவிகளைக் கெடுக்கும் நிரல்), தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் கைப்பற்றியது; அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று ‘டைன்’ நிறுவனத்தின் களப்பெயர் வழங்கிகள் (தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தருபவை) மீது அவற்றைக் கொண்டு தொடுத்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிலிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. ‘தொலைப்பார்வை’ என்பதைப் படிப்பவர், தான் பார்ப்பதை மட்டுமே நினைப்பார். ‘வெளியணுகல்’ என்னும்போது, வெளியில் இருக்கும் வேறு எவரும் அணுகக்கூடும் என்ற எண்ணம் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதனோடு சேர்ந்த ‘போர்ட்’ என்பதையும், அதாவது ஒரு முகவரியில் எந்தச் சேவைக்கான அழைப்பு என்று காட்டும் எண்ணையும், இப்போதே பார்த்துவிடலாம். அதற்கு வழங்கும் ‘துறை’ என்பது துறைமுகத்தை வைத்து ஆக்கியது. அரசுத் துறையோடும் ஆற்றுத் துறையோடும் குழம்புகிறது. கணினியில் வரும் இச்சொல் வாயில் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘நுழைவாயில்’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டதால், ‘கதவெண்’ என்று சொல்லலாமே? தமிழ்நாட்டில் முகவரி எழுதும் எவருக்கும் கதவு எண் தெரியும். முகவரி வீட்டைக் காட்டும், கதவெண் அவ்வீட்டின் எந்தக் கதவு என்பதைக் காட்டும்: நேரலைப் படவோட்டத்துக்கு வழக்கமான கதவெண் 554. திசைவியில் வெளிப்பக்கம் 8554 என்று கொடுத்து, உள்ளே 554-க்கு அனுப்புவது சென்னை முகவரிகளில் புதிய எண், பழைய எண் என்று இரண்டையும் எழுதுவதைப் போன்றதே. ‘போர்ட் ஃபார்வர்டிங்’ எனப்படும் இச்செயலுக்குக் ‘கதவு வழிமாற்று’ என்பது போதும். ‘ஆற்றுப்படுத்தல்’ அழகிய சொல்தான், ஆனால் அது உளவளத் துணைக்கு உரியதாகிவிட்டது. ‘கதவு கடத்தல்’ என்று ஒருவர் எழுதியதைக் காவல்துறையிடம் விட்டுவிடலாம்.

பதிவுப்பெட்டிக்குப் ‘பதிவி’ என்ற சொல் வேண்டாம் என்பது என் கருத்து. எந்தத் திரையில் படித்தாலும் ‘பதவி’யின் அச்சுப்பிழை போலவே தெரிகிறது. பதிவுப்பெட்டியே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. செயலியின் பொத்தானில் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பொத்தானில் ‘வெளியிலிருந்து பார்க்க’ என்று எழுதிவிட்டு, அமைப்புப் பக்கத்திலும் கையேட்டிலும் மட்டும் ‘வெளியணுகல்’ என்ற கலைச்சொல்லைப் பயன்படுத்தலாம். சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கையேட்டின் ஒரு பகுதியை எழுதிப் பார்த்தேன்:

‘வெளியணுகலை இயக்கும் முன் பதிவுப்பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றுக. கியூஆர் குறியீட்டு வழி கிடைக்குமானால் கதவு வழிமாற்றுத் தேவையில்லை. அமைத்து முடித்தபின், கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு நேரலை வருகிறதா என்று பார்க்கவும்.’

இதை அந்த இளைஞருக்கு அனுப்பி வைத்தேன். ‘கதவெண்’ அவருக்கு உடனே விளங்கியது. ‘வெளியணுகல்’ என்பதை இருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, “வெளிய இருந்து ஓப்பன் பண்றதுதானே அண்ணே?” என்றார். ‘தொலைப்பார்வை’யையும் அதே முறையில், விளக்கம் எதுவும் சொல்லாமல், கேமரா பொருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து அவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதை ஐயா அவர்கள் தெரிவித்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்.